அளந்தவர்களும் அறிந்தவர்களும்

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரையிலான பதினெட்டு மாதங்களுக்குச் ‘சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு’ என்று பெயர் வைத்தார்கள். பனிப்போரின் நடுவே 67 நாடுகள் கூடிப் பூமியை அளக்க முற்பட்ட காலம் அது. முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் அந்தக் காலத்தில்தான் என்பதால், அதைப் பற்றிய பேச்செல்லாம் விண்வெளிப் போட்டியில் போய் முடிந்துவிடுகிறது. எனக்கோ அப்போது தொடங்கிய இரண்டு சிறிய வேலைகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அவற்றுக்கு யாரும் கைதட்டவில்லை. அண்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடாவில் இருந்த ஆய்வுக்குழுவினர், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் வாயு தலைக்கு மேலே எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கருவியின் துணைகொண்டு ஆண்டுதோறும் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலையின் சரிவில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், காற்றில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்ற கரி வாயு கலந்திருக்கிறது என்பதைச் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற வேதியியலாளர் அளக்கத் தொடங்கினார்.

ஏறக்குறைய ஒரே வயதுடைய இந்த இரண்டு அளவீடுகளும், மனிதர்கள் வானத்துக்கு இழைத்த கேட்டை எண்களாக எழுதிக் காட்டின. ஒன்றைக் கண்டதும் உலகம் இரண்டரை ஆண்டுகளுக்குள் ஒப்பந்தம் போட்டுத் தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. இன்னொன்றை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பூமியின் மீது மனிதகுலத்துக்குள்ள பொறுப்பைப் பற்றி எங்கே பேச்செழுந்தாலும் இந்த அளவீடுகள் வரைந்த இரண்டு கோடுகளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கீலிங்கின் வரைகோட்டை இணையத்தில் திறந்து பார்ப்பது என் பழக்கங்களில் ஒன்று. 1958 மார்ச்சில் அவருடைய கருவி முதலில் காட்டிய அளவு, காற்றின் பத்து லட்சம் பங்கில் 313 பங்கு. ஓராண்டு முழுவதும் அளந்த பிறகு அவர் கண்டது, அந்த எண் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பது. மே மாதம் வரை ஏறி, பிறகு செப்டம்பர், அக்டோபர் வரை இறங்கி, மறுபடியும் ஏறியது. நிலப்பரப்பும் காடுகளும் பெரும்பாலும் வடக்கு அரைக்கோளத்தில் இருப்பதால், அங்கே கோடையில் இலைகள் தழைக்கும்போது காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எடுத்துக்கொள்கின்றன. இலையுதிர்ந்து மட்கும்போது திருப்பித் தருகின்றன. உலகத்தின் தாவரங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை மூச்சை இழுத்துவிடுவதை ஒரு மனிதர் மலைச்சரிவில் உட்கார்ந்து காகிதத்தில் பதிவு செய்துவிட்டார். இதைவிட அழகான ஓர் அறிவியல் வரைபடத்தை நான் பார்த்ததில்லை. அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் கண்ணில் படும். ஒவ்வோர் ஆண்டும் அந்த மூச்சு முந்தைய ஆண்டைவிடச் சற்று உயரத்தில் தொடங்கி, சற்று உயரத்தில் முடிகிறது. 1960-களில் ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஏறியது, அண்மைப் பத்தாண்டில் இரண்டரைப் பங்கு அளவில் ஏறுகிறது. 2013-இல் ஒருநாள் சராசரி முதன்முறையாக 400-ஐத் தொட்டது. 2025 மே மாதத்தின் சராசரி 430-ஐத் தாண்டியது. அண்டார்க்டிகாவின் பனியைத் துளைத்தெடுத்து, அதில் சிறைப்பட்டிருந்த பழங்காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில் தெரியவந்த கணக்கோடு இதை ஒப்பிட வேண்டும். கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில், தொழிற்புரட்சிக்கு முன்பு, இந்த எண் ஒருமுறைகூட 300-ஐப் பெரிதாகத் தாண்டியதில்லை.

“இது இயற்கையாகவே ஏறியிருக்கலாம் அல்லவா?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வியில் தவறில்லை, பதில் இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் கவனிப்பதில்லை. உயிருள்ள பொருள்களின் கரியில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும்; அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே இருப்பதில்லை. காற்றிலுள்ள கரியிலும் இந்த வகையின் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. பழைய தாவரங்களிலிருந்து உருவான எரிபொருள்களில் கார்பன்-13-உம் குறைவு. காற்றிலும் அதன் விகிதம் இறங்கிவருகிறது. போதாததற்கு, கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் காற்றிலுள்ள ஆக்சிஜனை அளக்கத் தொடங்கி, அது மிக மிக நுண்ணிய அளவில் குறைந்துவருவதைக் காட்டினார். ஒன்றை எரித்தால் ஆக்சிஜன் செலவாகத்தானே வேண்டும்? கரி எங்கிருந்து வந்தது என்பதைக் கரியே சொல்லிவிடுகிறது.

ஹாலியின் கதை வேறு வகையானது. அதைச் சொல்ல 1920-களுக்குப் போக வேண்டும். குளிர்சாதனப் பெட்டிகளில் அன்று பயன்பட்டவை அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெதில் குளோரைடு போன்ற வாயுக்கள். கசிந்தால் உறங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தையே கொன்றுவிடக்கூடியவை. அவற்றுக்கு மாற்றாகத் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர் தம் குழுவினருடன் உருவாக்கியது குளோரோஃபுளூரோகார்பன். 1930-இல் அறிஞர்கள் கூடிய அவையில் அவர் அந்த வாயுவைத் தம் நெஞ்சு நிறைய உள்ளிழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பிடிக்கவும் செய்யாது என்ற இரண்டும் ஒரே மூச்சில் மெய்ப்பிக்கப்பட்டன. மனித உடலுக்கு அவ்வளவு பாதுகாப்பான வாயு அது. எதனோடும் எளிதில் வினைபுரியாத அந்த நற்குணமே பிற்பாடு கேடாக முடிந்தது. கீழே எதனாலும் சிதையாமல் பல பத்தாண்டுகள் மிதந்து மேலேறிய பிறகு, புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரின் அணுவை வெளிவிட்டது. அப்படி விடுபட்ட ஒரே ஒரு குளோரின் அணுவால் ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க முடியும்.

மிட்ஜ்லியை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓசோன் இருக்கும் உயரத்து அடுக்கு மண்டலத்தின் வேதியியலை 1928-இல் யார் அறிவார்? ஆனால் அதே மனிதர்தான் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் எஞ்சின் இரைச்சலின்றி ஓடும் என்று கண்டுபிடித்தவர். ஈயம் நஞ்சு என்பது பழங்காலந்தொட்டே தெரிந்த செய்தி. அதைத் தயாரித்த ஆலைகளில் 1924-இல் தொழிலாளர்கள் மனம் பேதலித்து இறந்தார்கள்; மிட்ஜ்லியே அதற்கு முந்தைய ஆண்டு ஈய நஞ்சேறி ஓய்வெடுக்க நேர்ந்தது. அப்படியிருந்தும் செய்தியாளர்கள் முன்னிலையில் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, ஆபத்தில்லை என்றார். உலகின் கடைசி நாடு ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021-இல். அறியாமல் செய்தது ஒன்று, நன்றாக அறிந்தே செய்தது மற்றொன்று என்று ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருவகைப் பிழைகளும் அருகருகே கிடக்கின்றன. சுற்றுச்சூழல் பற்றிய நம் பேச்சில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து, “மனிதன் இயற்கையை அழித்துவிட்டான்” என்று பெருமூச்சு விட்டுவிடுகிறோம். அந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடில்லை. அறியாமல் செய்தவரிடம் வருத்தத்தை எதிர்பார்க்கலாம். அறிந்தவரிடம் கேட்க வேண்டியது கணக்கை.

1971-இல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர், ஷேக்கிள்டன் என்ற கப்பலில் தாமே உருவாக்கிய நுண்ணுணர்வு கொண்ட கருவியோடு அண்டார்க்டிகா நோக்கிப் பயணம் செய்து, நடுக்கடலின் காற்றிலும் அந்தக் குளிர்சாதன வாயுக்கள் கலந்திருப்பதைக் கண்டார். ஆனால் அவற்றால் தீங்கு எதுவும் நேருமென்று கருத இடமில்லை என்று எழுதிவிட்டார். பூமியையே ஓர் உயிராக எண்ணிப் பார்த்தவர் என்று உலகம் கொண்டாடும் மனிதருக்கும் அந்த எண்ணின் பொருள் உடனே பிடிபடவில்லை. அதைத் தொடர்ந்து யோசித்த மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் ஓசோன் படலம் சிதையக்கூடும் என்று வெளியிட்டார்கள். வெறும் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே மூடச் சொல்வதா என்று உற்பத்தியாளர்கள் கேட்டார்கள். 1985 மே மாதத்தில் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் ஹாலியின் பதிவேடுகளிலிருந்து பதில் சொன்னார்கள். அங்கே அக்டோபர் மாதத்து ஓசோன், பழைய அளவில் மூன்றில் இரண்டு பங்காகச் சரிந்திருந்தது. தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினால் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தச் சரிவின் பொருள் விளங்கும்.

அடுத்து நடந்ததில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான வியன்னா உடன்படிக்கை, ஹாலியின் கண்டுபிடிப்பு அச்சேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, 1985 மார்ச்சில் கையெழுத்தாகிவிட்டது. உற்பத்தியைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் நெறிமுறை 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானபோது, அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டைக்குக் காரணம் குளோரின்தான் என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய விமான ஆய்வு அங்கே நடந்துகொண்டிருந்ததே தவிர, அதன் முடிவுகள் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்திருக்கவில்லை. முழு நிச்சயம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இன்று 198 தரப்புகள் அதில் இணைந்திருக்கின்றன. உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட மிகச் சில ஒப்பந்தங்களில் அது ஒன்று. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசமும், மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு மாறுவதற்கான நிதியும் ஒதுக்கினார்கள். ஒப்பந்தத்தில் சேராத நாடுகளோடு அந்தப் பொருள்களில் வணிகம் செய்யக் கூடாது என்றும் விதித்தார்கள். நல்லெண்ணத்தை நம்பி எழுதப்பட்ட ஆவணம் அல்ல அது. யாருக்கு எவ்வளவு கடமை, யார் பணம் தருவது, மீறினால் என்ன என்று வரவு செலவு பார்த்து எழுதியது.

சரி, கீலிங்கின் கோட்டுக்கு ஏன் அப்படியொரு கதி வாய்க்கவில்லை? கரி வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதை யூனிஸ் ஃபுட் 1856-இலும் ஜான் டிண்டால் 1859-இலும் சோதனை செய்து காட்டினார்கள். அது இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வான்டே அரேனியஸ் 1896-இலேயே கையால் கணக்குப் போட்டார். 1965-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு எச்சரித்தது. 1988-இல் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு அமைக்கப்பட்டது. 1992-இல் ரியோவில் பருவநிலை உடன்படிக்கையும் கையெழுத்தானது. ஆக, 1990 வாக்கில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அனைவருக்கும் தெரிந்துவிட்டது. தொழிற்புரட்சியிலிருந்து இன்றுவரை நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து மனிதர்கள் வெளிவிட்ட கரி வாயுவில் பாதிக்கு மேற்பட்டது அதற்குப் பிறகு வெளியானது. இந்த ஒரு செய்தியை நான் எத்தனை முறை படித்தாலும் பழகிக்கொள்ள முடியவில்லை. அறியாத முன்னோர் இரண்டு நூற்றாண்டுகளில் செய்ததைவிட அதிகமாக, அறிந்த ஒரு தலைமுறை செய்திருக்கிறது. நான் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன்.

ஒப்பிடுவதில் ஓர் அநீதி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஓசோனைக் கெடுத்த வாயுக்களைத் தயாரித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்கள்; அவற்றுக்கு மாற்றுப்பொருளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கரியோ சிமென்டிலும் எஃகிலும் உரத்திலும் கப்பலிலும் மின்கம்பியிலும் ஊடுருவியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரி வாயு எரிபொருள்களிலிருந்து வெளியேறுகிறது. அதில் பாதியளவைக் கடலும் காடும் மண்ணும் நமக்காக விழுங்கிவிடுவதால்தான் நிலைமை இந்த மட்டில் இருக்கிறது. அப்படி விழுங்கியதன் விலையாகக் கடல்நீர் அமிலத்தன்மை ஏறிவருகிறது. இவ்வளவு பெரிய சிக்கலை ஒரே ஒப்பந்தத்தில் அவிழ்த்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் கடினம் என்பதால்தான் நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை. 2015-இல் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். தவறினால் தண்டனையும் இல்லை. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல். புதைபடிவ எரிபொருள்களைவிட்டு விலக வேண்டும் என்ற சொற்களை மாநாட்டு முடிவு ஒன்றில் எழுதுவதற்கே 2023 வரை ஆயிற்று.

‘மனிதகுலத்தின் பொறுப்பு’ என்ற தொடரில் எனக்குள்ள தயக்கமும் இங்கேதான் இருக்கிறது. எல்லோருடைய கடன் என்று சொல்லிவிட்டால் யாரும் கட்ட வேண்டியதில்லை. இதுவரை வெளியான கரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா என்ற ஒரே நாட்டினுடையது. உலக மக்களில் அதிக வருமானமுள்ள பத்தில் ஒரு பங்கினர் இன்றைய உமிழ்வில் பாதியளவுக்குக் காரணமாகிறார்கள். கடல் ஏறினால் முதலில் வீடிழப்பவர் இந்தக் கணக்கில் எங்குமே இல்லாதவர். இவர்கள் அனைவரையும் ‘மனிதகுலம்’ என்ற ஒரே போர்வைக்குள் மூடுவது மிகவும் வசதியான காரியம். மாண்ட்ரியல் நெறிமுறை அந்த வசதியைத் தரவில்லை. அதனால்தான் அது நின்றது என்பது என் கணிப்பு.

இதற்கு நேர்மாறான இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு தனிமனிதரும் தம் ‘கார்பன் தடத்தை’ கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை 2000-களின் நடுப்பகுதியில் விளம்பரம் செய்து பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். நானும் ஒருமுறை அத்தகைய கணிப்பானில் என் வாழ்க்கையை எண்களாக நிரப்பிப் பார்த்தேன். விடை என்னை வெட்கப்பட வைத்தது. வெட்கப்பட்டு முடித்ததும் ஒருவித நிம்மதியும் வந்தது, பாவமன்னிப்புக் கிடைத்ததைப் போல. அந்த நிம்மதிதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. விளக்கை அணைக்காதே என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்; நானே அணைக்கிறேன், விமானப் பயணங்களையும் இயன்றவரை தவிர்க்கிறேன். ஆனால் மக்கள் தத்தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நினைத்து வருந்தியதால் ஓசோன் படலம் தேறவில்லை. அந்தப் பெட்டிக்குள் எந்த வாயு இருக்கலாம் என்பதைச் சட்டம் மாற்றியது. அமெரிக்காவில் பலர் அதே வாயு அடைத்த தெளிப்புக் குப்பிகளை வாங்க மறுத்தது அந்தச் சட்டத்துக்கு வழிவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தனிமனிதரின் செயலுக்கு அவ்வளவு இடம் உண்டு. அதற்கு மேல் அதன்மீது சுமத்துவது ஏமாற்று.

தனிமனிதர்களால் ஆகக்கூடிய வேறொன்றும் இருக்கிறது. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரைச் சேர்ந்த பூச்சியியல் ஆர்வலர்கள், பெரும்பாலும் அதைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள், 1989 முதல் 27 ஆண்டுகள் ஒரே மாதிரியான கூடாரப் பொறிகளை 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அமைத்து, விழுந்த பூச்சிகளைச் சாராயத்தில் இட்டு நிறுத்துவந்தார்கள். 2017-இல் அந்தக் கணக்கு வெளியானபோது, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது தெரிந்தது. பூச்சிகள் குறைவதாக முதியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்று. தராசில் நிறுத்துச் சொன்னது இன்னொன்று. உலகின் மற்ற பெரும்பாலான இடங்களில் அப்படி நிறுத்தவர்களே இல்லை என்பதால், அங்கெல்லாம் என்ன இழந்தோம் என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அளப்பது எப்போதுமே நலிந்த வேலை. 1964-இல் நிதி வெட்டப்பட்டதால் மௌனா லோவாவில் சில மாதங்கள் அளவீடு நின்றுபோனது. கீலிங்கின் வரைபடத்தை உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் ஓர் இடைவெளி தெரியும். 2022 நவம்பரில் எரிமலையே வெடித்துப் பாதையையும் மின்சாரத்தையும் துண்டித்தபோது, பக்கத்து மலைக்குக் கருவியைக் கொண்டுபோய்த் தொடர்ந்தார்கள். தடைசெய்யப்பட்ட குளிர்சாதன வாயு ஒன்றை யாரோ மறைவாகத் தயாரிப்பதை 2018-இல் கண்டுபிடித்ததும் இப்படி அளந்துகொண்டிருந்தவர்கள்தான். கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள நிலையங்களின் பதிவுகள் கிழக்குச் சீனாவைச் சுட்டிக்காட்ட, ஓரிரு ஆண்டுகளில் அந்தக் கசிவு குறைந்தது. அவர்கள் அளக்கவில்லை என்றால் ஒப்பந்தம் காகிதத்தில் அப்படியே இருந்திருக்கும், வாயுவும் மேலே போய்க்கொண்டே இருந்திருக்கும்.

அண்டார்க்டிகாவுக்கு மேலேயுள்ள ஓசோன், 1980-இல் இருந்த அளவுக்கு 2066 வாக்கில் திரும்பிவிடும் என்று அறிவியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 1987-இல் கையெழுத்திட்டவர்களில் அனேகமாக யாரும் அதைப் பார்க்க இருக்கமாட்டார்கள். ஹாலி நிலையம் இப்போது பழைய இடத்தில் இல்லை. அது நிற்கும் பனித்தட்டில் பெரும் விரிசல் நெருங்கியதால் நிலையத்தை 23 கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கொண்டுபோனார்கள்; 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே மனிதர்கள் தங்குவதில்லை. ஆளற்ற அந்த மாதங்களில் எரிபொருளில் ஓடும் சிறிய சுழலி ஒன்று தானாகவே மின்சாரம் எடுத்துத் தர, கருவிகள் இருட்டிலும் பனிப்புயலிலும் விழித்திருக்கின்றன. நீண்ட இரவு முடிந்து சூரியன் தொடுவானத்துக்கு மேல் வந்ததும், மூன்று மில்லிமீட்டரில் இன்று எவ்வளவு மீதமிருக்கிறது என்று அங்கே மறுபடியும் குறிக்கப்படுகிறது.